தலை இங்கிலாந்து, மரை பிரான்ஸ்: ஒரு போல்ட்டின் கதை

1/
"அவனுக்கு மரை கழண்டு போச்சு"ன்னு யாரையாவது கிண்டல் பண்ணியிருப்பீங்க. அந்த மரைக்கே ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதில் ஒரு கார் கம்பெனி முதலாளி வருகிறார். எங்கள் மருத்துவத் துறைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க.

2/
முதலில் அடிப்படை. போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம்தான் மரை. ஒரு மரையின் அடையாளம் மூன்று விஷயம்.
ஒன்று, வெளி விட்டம்.
இரண்டு, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. இதுதான் பிட்ச்.
மூன்று, பள்ளத்தின் கோணம்.
மூன்றில் ஒன்று மாறினாலும் நட் சரியாக உட்காராது.

3/
1841 வரை இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு அடுத்த தெரு நட் சேராது. அந்த வருடம் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், நாடு முழுக்க ஒரே அளவு இருக்கட்டும் என்று ஒரு முறையை முன்வைத்தார். கோணம் 55 டிகிரி, மேடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும்.

4/
1864இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறையைச் சொன்னார். கோணம் 60 டிகிரி, மேடும் பள்ளமும் தட்டை. செய்வது சுலபம் என்பது அவர் வாதம்.
வேடிக்கை என்னன்னா, பல அளவுகளில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கை மரைகள். ஆனால் அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12, செல்லர்ஸுக்கு 13. ஒரே ஒரு மரை வித்தியாசம்தான். ஆனா சேராது.
ஐரோப்பாவிலோ மில்லிமீட்டர் கணக்கு.

5/
இப்போது நம்ம கதாநாயகன். வில்லியம் மோரிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், கார் செய்ய ஆரம்பித்தார். நம் ஊர் அம்பாசிடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் கார் அந்தக் கம்பெனியுடையதுதான்.
தன் கௌலி காருக்கு அமெரிக்காவிலிருந்து காண்டினென்டல் என்ஜினை வரவழைத்தார். முதல் உலகப்போர் முடியும்போது அந்த வழி அடைபட்டது. என்ஜினுக்கு எங்கே போவது?

6/
பிரான்ஸின் ஹாட்ச்கிஸ் கம்பெனி, போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயந்திரத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. போர் முடிந்தது, வேலை இல்லை. மோரிஸுக்கு என்ஜின் வேணும், அவர்களுக்கு ஆர்டர் வேணும். ஒப்பந்தம் முடிந்தது.
ஆனால் அங்கிருந்த இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. அத்தனையையும் மாற்றினால் கட்டுப்படியாகாது.

7/
அதற்குக் கண்ட தீர்வுதான் இந்தக் கதையின் உச்சம்.
மரை பிரெஞ்சு மெட்ரிக்காகவே இருக்கட்டும். ஆனால் போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்வோம். அப்போதுதான் ஆங்கில மெக்கானிக் கையில் இருக்கும் ஸ்பானர் சேரும்!
1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கினார். இயந்திரங்கள் அப்படியே தொடர்ந்தன, மரையும் தொடர்ந்தது. 1955 வரை வந்த எம்.ஜி. டி வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களின் என்ஜினிலும் இதே மரைதான். காரின் மற்ற பாகங்களில் பிரிட்டிஷ் அங்குல மரை, என்ஜினில் மட்டும் மெட்ரிக்.

8/
இன்று அந்தக் காரைப் பழுது பார்ப்பவர் நிலையை யோசிங்க. தலையைப் பார்த்தால் விட்வொர்த். ஸ்பானரும் கச்சிதமாகச் சேருது. "சரி, ஆங்கில மரைதான்" என்று முடிவெடுப்பார்.
அங்கேதான் சறுக்கல்.
8 மி.மீ. போல்ட்டின் பழைய பிரெஞ்சு பிட்ச் 1 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 1.25. அது சேராது.
அமெரிக்க வழி வந்த 5/16 அங்குல நுண்மரை போல்ட் இருக்கே, அதன் விட்டம் 7.94 மி.மீ., பிட்ச் 1.058. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதல் சில சுற்று நன்றாகவே ஏறும். பத்து மரை போவதற்குள் அரை மி.மீ.க்கு மேல் விலகல் சேர்ந்துவிடும். இறுகும். "துரு போல"ன்னு நினைச்சு பலமாகத் திருகினால் என்ஜின் பிளாக்கில் உள்ள மரை போயிடும்.

9/
அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் நோயாளியைப் பார்ப்பது போலத்தான்.
✅ தலையைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. காய்ச்சல்னு சொன்னதும் டைபாய்டு மாத்திரை கொடுப்பதற்குச் சமம் அது.
✅ வெர்னியரில் வெளி விட்டத்தை அளங்க. தேய்மானத்தால் குறிப்பிட்ட அளவை விடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.
✅ பிட்ச் கேஜை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. இடையில் ஒளி கசிந்தால் அது வேறு அளவு.
✅ ஒரு மரையை மட்டும் பார்க்காம, பத்து மரை நீளத்தை அளந்து பத்தால் வகுங்க. சின்ன வித்தியாசமும் மாட்டிக்கும்.
✅ விரலால் கடைசி வரை திருகிப் பாருங்க. விரலுக்கு மறுத்தால் ஸ்பானரை எடுக்காதீங்க.

10/
"ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு பேச்சா டாக்டர்?" என்பீர்கள்.
1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. பலருடைய குழாய்கள் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் சேரவில்லை. இணைப்பு அளவு வேறு. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல்.
இரண்டாம் உலகப்போரில் ரோல்ஸ் ராய்ஸ் விமான என்ஜினை அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பட்ட பாட்டில் பாடம் கற்று, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. 60 டிகிரி ஜெயித்தது.

11/
இனி எங்கள் துறை.
எங்களுக்குப் பிரச்சனை தலைகீழ். ஊசிக் குழலின் முனைக்கு 'லூயர்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரீஸில் பிறந்தது. எல்லாவற்றிலும் சேரும். அதுதான் ஆபத்து.
வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பில், அதாவது ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டும். தவறி முதுகுத்தண்டு நீரில் ஏறினால் பெரும்பாலும் மரணம்தான். உலகின் பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காரணங்களில் ஒன்று, இரண்டு ஊசிக்கும் ஒரே முனை. இப்போது முதுகுத்தண்டுக்கு மட்டும் வேறு அளவு முனை, உலகத்தர அளவாகவே வந்துவிட்டது.
மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்ட முடியாதபடி ஊசித்துளைகளை இடம் மாற்றி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

12/
சேர வேண்டியது எங்கேயும் சேரணும். சேரக்கூடாதது எவ்வளவு அழுத்தினாலும் சேரக்கூடாது. தர அளவு என்பதன் முழு அர்த்தம் இவ்வளவுதான். இரண்டில் எது தவறினாலும் விலை கொடுப்பது கடைசியில் இருக்கும் மனிதன்.

13/
மோரிஸுக்கு வருவோம். பின்னாளில் அவர் நஃபீல்டு பிரபு ஆனார். அவர் கொடுத்த பணத்தில் 1937இல் ஆக்ஸ்ஃபோர்டில் மயக்கவியல் துறை தொடங்கியது. முதல் பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ். மூச்சுக்குழாயில் டியூப் போட நாங்கள் எடுக்கும் வளைந்த லாரிங்கோஸ்கோப் 1943இல் அவர் வடிவமைத்தது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு டிராலியிலும் அது இருக்கும்.
போலியோவில் மூச்சு நின்ற குழந்தைகளுக்காக, அதே நஃபீல்டு தன் கார் தொழிற்சாலையில் செயற்கை சுவாசப் பெட்டிகளைச் செய்து, ஆயிரத்துக்கும் மேல் இலவசமாகப் பல நாடுகளுக்கு அனுப்பினார்.

14/
அடுத்த முறை வீட்டில் ஒரு குழாயோ கேஸ் ரெகுலேட்டரோ சேராமல் அடம் பிடித்தால், சுத்தியலைத் தேடாதீங்க. அது சேராததற்கு ஒரு காரணம் இருக்கும். முதலில் அளந்து பாருங்க.