உப்பு, ரேஷன், ஒரு பட்டம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற ஒரு பிள்ளையிடம் "மெடிசின் கிடைக்காவிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்க. நாலாவதோ ஐந்தாவதோ பதிலாகத்தான் "நியூட்ரிஷன்" வரும். வீட்டில் உம்மாவோ அம்மாவோ உடனே கேட்பாங்க: "சமைக்கப் படிக்க நாலு வருஷமா?" கேலிதான். ஆனா அந்தக் கேலிக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. புத்தளம், கற்பிட்டி, சிலாபம் என்று இந்தக் கரையில் இருக்கிற நமக்கு அது தூரத்து வரலாறும் இல்லை.

முதலில் அடுப்படி வாசல். 1991இல் வடமேல் மாகாணத்துக்கு ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அங்கே கொடுத்தது பட்டம் இல்லை, இரண்டு வருட டிப்ளோமா. விவசாயம் ஒன்று, மனைப்பொருளியலும் போசணையும் இன்னொன்று. 1996இல் அது ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் வயம்ப வளாகமானது. 1999 ஒக்டோபரில் வயம்ப பல்கலைக்கழகம் என்று தனியாக நின்றது. அதன் மாகந்துர வளாகத்தில், நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையிலிருந்து பஸ் ஏறினா அதிக தூரமில்லாத இடத்தில், கால்நடை, மீன்பிடி, போசணை மூன்றையும் ஒரே பெயரில் கோர்த்த ஒரு பீடம் இருக்கு. உணவு விஞ்ஞானமும் போசணையும் நாலு வருடப் பட்டமாகப் படிப்பது அங்கேதான். அந்தப் பெயரைக் கேட்டா நம்ம கரையோரச் சந்தைதான் எனக்கு ஞாபகம் வருது.

ஆனா மனைப்பொருளியல் என்பது பாதிக் கதை. மற்றப் பாதி நோயும் பஞ்சமும். கொழும்பு பாக்டீரியவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ், தோல் சொரசொரப்பாகிற ஒரு நிலைக்கு உணவில் விற்றமின் குறைவதே காரணம் என்று 1933இல் எழுதினார். அவர் அதற்கு வைத்த கிரேக்கப் பெயருக்கு 'தேரைத்தோல்' என்று அர்த்தம். அடுத்த வருடமே மலேரியா வந்தது. 1934-35இல் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் செத்துப் போனாங்க. பெரிய அடி விழுந்த இடங்களில் தெதுறு ஓயா, மகா ஓயா படுகைகளும் அடங்கும். இந்த இரண்டு ஆறும் கடலில் விழுவது நம்ம கரையில். மழை பொய்த்ததால் ஆறு வற்றிக் குட்டையானது, குட்டையில் நுளம்பு பெருகியது. அதே மழை பொய்த்ததால்தான் விளைச்சலும் போனது. காய்ச்சல் வந்து விழுந்தது ஏற்கனவே பசித்திருந்த உடம்புகளில். மருந்து மட்டும் போதாது, சோறும் ஒரு சிகிச்சைதான் என்பதை அந்த வருடம் கொடூரமாகச் சொல்லிக் கொடுத்தது.

இதே காலத்தில் அக்கரையிலும் வேலை நடந்தது. நீலகிரியின் குன்னூரில் இருந்த ஆய்வுகூடத்திலிருந்து 1937இல் அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். குரக்கனில் என்ன இருக்கு, முருங்கைக்கீரையில் என்ன இருக்கு என்று நாம் இன்று சாதாரணமாகப் பேசுவதற்கு இப்படியான பட்டியல்கள்தான் அடித்தளம்.

இப்போ உப்பு. இது நம்ம விஷயம், கொஞ்சம் நின்று பேசலாம். நாட்டுக்கு உப்புக் கொடுக்கிற பெரிய இடங்களில் புத்தளம் ஒன்று. கடல் உப்பில் அயடீன் தானாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறாங்க. கடல் நீரில் கொஞ்சம் உண்டு, ஆனா உப்பளத்தில் பூத்து வருகிற உப்பில் தேவைக்குப் போதுமான அளவு மிஞ்சாது. இலங்கையின் ஈரவலயத்தில் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தாங்க. கே. மகாதேவாவும் கூட்டாளிகளும் 1968இல் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. மனிதர் சாப்பிடும் உப்பில் அயடீன் கட்டாயம் என்ற சட்டம் வந்தது 1995இல். கண்டறிந்ததற்கும் சட்டத்துக்கும் நடுவில் கால் நூற்றாண்டுக்கும் மேல்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருப்பாங்க.

சட்டம் வந்தா மட்டும் வேலை முடியாது. எவ்வளவு சேர்ப்பது, ஈரத்திலும் வெயிலிலும் எவ்வளவு போகும், கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும்போது என்ன மிச்சம் என்று யாராவது அளந்துகொண்டே இருக்கணும். "சமைக்கப் படிக்கிற" பட்டதாரியின் வேலை இதுதான்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்கில் உலர் உணவு ரேஷன்: அரிசி, பருப்பு, சீனி. ரேஷன் உயிரைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனா கலோரிக் கணக்கு சரியாக வந்தாலும் மரக்கறி, மீன், பால் இல்லாத தட்டில் இரும்புச் சத்தும் விற்றமின் ஏயும் எங்கிருந்து வரும்? 1973இலிருந்தே கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷா கொடுக்கிறதன் காரணம் இந்த இடைவெளிதான். சோளமும் சோயாவும் நுண்சத்துகளும் சேர்ந்த மா அது.

வந்தவங்களும் இருந்தவங்களும் ஒரே கிணற்றைப் பகிர வேண்டியிருந்தது. அந்தக் கிணறு வேறொரு கதை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்குக் கீழே ஆழமில்லாமல் நன்னீர் படலமாக மிதக்குது. மேலே வெங்காயம், மிளகாய், மரக்கறி, அதற்குக் கொட்டுகிற பசளை. மணல் எதையும் தடுத்து வைக்காது. நைட்ரேற்று நேரே தண்ணீருக்குள் இறங்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டிய கிணறுகள் இங்கே இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தா, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலம் பாயக்கூடும். கொதிக்க வைத்தா நைட்ரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தாய்ப்பால் கொடுங்க என்ற அறிவுரை வேறெங்கும் இருப்பதைவிட இங்கே கனமானது.

சரி, திட்டம் போடுகிறவங்களுக்கு. இந்தப் பட்டத்தில் சமையல் குறிப்பைவிட உயிர் இரசாயனமும் உடற்றொழிலியலும் நுண்ணுயிரியலும்தான் அதிகம். ரசாயனத்தை வெறுத்துக்கொண்டு இதைப் படிக்க முடியாது. படிப்பது ஆங்கிலத்தில், அதனால் முதல் வருடம் தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்குக் கடினம். பாட சேர்க்கையை மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தந்த வருடம் பாருங்க, டியூஷன் மாஸ்டர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். புத்தளம் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கு. மாவட்ட ஒதுக்கீட்டோடு அந்த 5 சதவீதமும் நமக்குச் சாதகம். ஆனா உயிரியலுக்கும் ரசாயனத்துக்கும் ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு வெட்டுப்புள்ளி குறைவது அரை உதவிதான்.

கடைசி வருடத்தில் ஓர் ஆய்வு செய்யணும். தலைப்புக்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கற்பிட்டியில் கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணறுகளை அளக்கலாம். கரவாட்டு உப்புக்கும் மீனவர்களின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கலாம். உப்பளத்தில் நாட்கூலிக்கு நிற்கிற பெண்கள் மத்தியானம் என்ன சாப்பிடுறாங்க என்று கேட்டாலும் ஓர் ஆய்வு கிடைக்கும்.