குற்றாலக் குறவஞ்சியும் குறவரும்: மேடையில் யார் குரல்?

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் வழங்கினார். ‘குறவஞ்சி மேடு’ என்று அந்த நிலத்துக்குப் பெயர். குறத்தியின் பெயரால் வந்த நிலம் புலவருக்குப் போயிற்று. அக்காலப் புரவலர் வழக்கில் இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குடியின் வாழ்க்கை கலையாகும்போது பாடியவருக்கு என்ன கிடைக்கிறது, பாடப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நூலை இழிவான சித்திரிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கித் தவிப்பவள் வசந்தவல்லி. மலைவளம் சொல்லி, நாடு பல சுற்றிய பெருமை பேசி, கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி சிங்கிதான் அங்கே நிதானமுள்ளவள். அவளைத் தேடி அலையும் கணவன் சிங்கன், பறவை பிடிக்கத் துணை வரும் நூவன், புது நகைகள் பற்றிச் சிங்கனும் சிங்கியும் நடத்தும் வாய்ச்சண்டை ஆகியவற்றில்தான் அவையின் சிரிப்புக்கான இடம் இருக்கிறது. இந்தக் குறத்தியை எழுத ஓர் உண்மைக் குறத்தியைச் சந்தித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சங்கக் குறிஞ்சித் திணையும், குமரகுருபரரின் மீனாட்சியம்மை குறம் போன்ற 17ஆம் நூற்றாண்டுக் குற நூல்களும் அவளை முன்பே வார்த்து வைத்திருந்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோசியைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைச் செய்தபோது அவள் அரண்மனைக்கும் பழகிப்போனவள்.

மேடைக்கு வெளியே நடந்தது வேறு கதை. குறவரில் ஒரு சாரார் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப்பாதையும் ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் அந்த வணிகத்தை நசுக்கின. பிழைப்பை இழந்து அலைந்தவர்கள் அரசின் கண்ணுக்குச் சந்தேகப் பேர்வழிகள் ஆனார்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. காவல் நிலையத்தில் ஆஜர், குடியேற்ற முகாம், பெயர்ப் பதிவேடு எல்லாம் அதன் பின்னால் வந்தன. இந்த வரலாற்றை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இங்கே ஓர் ஆண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல். நாடு முழுவதும் 1952இல். ஆக, கூடையும் கோலும் ஏந்திய குறத்தி சென்னை ரசிகர்களின் கைதட்டலைப் பெற்ற காலத்தில், அதே மாகாணத்தில் குறவர் பலர் சட்டத்தின் கண்ணில் பிறவிக் குற்றவாளிகள். ருக்மிணி தேவியின் கலைநேர்த்தியை இது குறைக்காது. எனினும் பள்ளி ஆண்டு விழா வரை வந்துவிட்ட குறத்தி நடனத்தைப் பற்றி எழுதுவோர் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைப்பது அரிது.

தங்கள் கதையைத் தாங்களே நடிப்பது என்ற திருப்பம் குஜராத்தில் நேர்ந்தது. மேற்கு வங்கத்தில் புதன் சபர் 1998இல் காவலில் இறந்தார். அவர் பெயரால் அகமதாபாத்தின் சாராநகரில் சாரா இளைஞர்கள் அதே ஆண்டு புதன் தியேட்டரைத் தொடங்கினார்கள். அவர்களும் அதே சட்டத்தால் முத்திரை குத்தப்பட்டவர்கள். எழுத்தாளர்கள் மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் துணை நின்றார்கள்; நடித்தவர்கள் அந்தச் சமூகத்தார்தான்.

தமிழ்நாட்டில் விவாதம் பெரும்பாலும் சித்திரிப்பைச் சுற்றியே நடந்தது. ‘ஜெய் பீம்’ (2021) திரைப்படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டுக் காவல் மரணத்தில் இறந்தவர் குறவர். படத்தில் அவர் இருளர் ஆனார். தங்கள் துயரம் வேறு பெயரில் போனதைக் குறவர் தரப்பினர் சுட்டிக்காட்டினார்கள். கரகாட்ட மேடைகளில் இரட்டை அர்த்தப் பேச்சோடு ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்துக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023 ஜனவரியில் தடை விதித்தது. மார்ச்சில் அரசு அதைக் கிராமியக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. சரியான முடிவுதான். ஆனால் எதை ஆடக்கூடாது என்றுதான் இது சொல்கிறது. எதை ஆடலாம் என்று குறவரே தீர்மானிக்கும் மேடையை நீதிமன்றம் அமைத்துத் தர முடியாது.

ஆஸ்திரேலியக் கலைக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நெறிமுறைக் கையேடுகளை எழுதியவர்களில் ஒருவர் பழங்குடி வழக்கறிஞர் டெரி ஜான்கே. ஒப்புதல் முதலிலேயே பெறுதல், பெயர் குறிப்பிடுதல், வருவாய் பகிர்தல் ஆகியவை அவற்றின் சாரம். குற்றாலச் சாரல் விழாவில் ஒரு குழு குறவஞ்சியை ஆட நினைத்தால் இதைப் பின்பற்றலாம். ஆனால் ஒப்புதலை யாரிடம் கேட்பது? குறவர் உட்பிரிவுகள் பட்டியல் சாதி, பழங்குடி, சீர்மரபினர் என மூன்று பட்டியல்களில் சிதறிக் கிடக்கின்றன. நரிக்குறவர் மொழியாலும் மரபாலும் வேறானவர்கள். குற்றாலத்தை ஒட்டிய மலைத்தொடரின் காணிக்காரரும் பளியரும் தத்தமக்கென வழிபாடும் இசையும் உடையவர்கள். எல்லாரையும் ‘மலைக்குறவர்’ வேடத்துக்குள் அடைப்பதுதான் பழைய பழக்கம்.

வழி இல்லாமலும் இல்லை; மருத்துவ அறிவில் ஒரு முன்மாதிரி உண்டு. தெற்கே அகத்தியமலையின் கேரளப் பகுதியில் 1987இல் காணிக்காரர் (காணிகள்) காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டபோது, 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்திலும் 2 விழுக்காடு உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997இல் அவர்களின் அறக்கட்டளை பதிவானது. மருத்துவ அறிவைத் தங்களைக் கேளாமல் வெளியிட்டதாகப் பூசாரி மருத்துவர்களான பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள்; அந்தக் குறை நியாயமானது. 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் மூலிகை அறிவுக்குப் பங்கு கேட்க வழி வைத்தது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒப்பந்தத்தை விழாக் குழுவும் நாட்டியப் பள்ளியும் தாங்களாகவே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.