சேற்றுக்குப் பட்டா ஏது?

கும்மிடிப்பூண்டியிலே சிப்காட்டின் புகைபோக்கிகளைக் காண்கிறோம். வளர்ச்சி என்று பூரிக்கிறோம். அந்த மண்ணின் வரலாற்றையும் சற்றே புரட்டுவோம், தோழர்களே!

அந்நாளில் பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு உட்பட்டவை. அங்கே கோலோச்சியது மிராசு முறை. வயலில் உழைத்த தாழ்த்தப்பட்டோர் பலருக்குக் குடிசை நின்ற மனைகூடச் சொந்தமில்லை, அதுவும் மிராசுதாரருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்! தரிசு கேட்டு மனுப் போட்டாலோ, முதலுரிமை மிராசுதாரருக்கே. 1891இல் மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் இக்கொடுமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் சென்னை அரசு ஆணையிட்டது; பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டு விற்கலாகாது, பின்னரும் பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டிலே நின்றது. நிலமோ பல ஊர்களில் கைமாறிற்று.

1894இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. நிலத்தில் உமக்கு உரிமை உண்டா என்று கேட்டு இழப்பீடு தந்தது. மிராசு முறை யாருக்கு நிலத்தை மறுத்ததோ, அவரிடமே சட்டம் சான்று கேட்டது! தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவள் எதைக் காட்டுவாள்? சேற்றுக்குப் பட்டா ஏது? பட்டா வைத்திருந்தவருக்குப் பணம், பாடுபட்டவருக்கு வெறுங்கை. இதற்குப் பெயர் நீதியாம்!

நிலமற்ற உழவுத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவரே என்று மத்திய அரசின் சட்டம் ஒப்புக்கொண்டது 2013இல். இடையிலே ஓடியவை 119 ஆண்டுகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அதற்கு முன்பே எழுந்துவிட்டது.