வாடகை வீட்டு மெத்தை யார் பொறுப்பு?

நம் நாட்டில் வாடகை வீடு என்றால் நெடுங்காலமாகச் சுவரும் கூரையும் கிணறுமே. குடிவருகிறவர்கள் பாய், தலையணை, பெட்டி, பாத்திரம் யாவற்றையும் தாங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவதால், வீட்டுக்காரரிடம் அவர்கள் கேட்டுக்கொள்வது, பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துத் தர வேண்டும், உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும், கிணற்று ராட்டினத்தைச் சீர்ப்படுத்த வேண்டும் என்ற அளவோடு நின்றுவிடும். கட்டிலும் மெத்தையும் மேஜையும் நாற்காலியும் ஜன்னல் திரையும் தரைவிரிப்பும் போட்டு வீட்டைக் குடிக்கூலிக்கு விடும் முறை இங்கிலாந்தில் செழித்து வளர்ந்த முறை. அந்தச் சாமான்கள் நைந்து கிழிந்தால் மாற்றிப் போட வேண்டியவர் யார் என்ற வினாவும் அங்கே நியாயஸ்தலம் ஏறிற்று. அந்த விவகாரத்தின் சரித்திரம் நம்முடைய வாடகைச் சட்டங்கள் வரை வந்து தொடுவதால், அதை நாம் அறிந்துகொள்வது வீண் போகாது.

லண்டனுக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகரம், நான்காம் ஜார்ஜ் மன்னர் இளவரசராயிருந்த காலத்தில் அங்கே வந்து தங்கத் தொடங்கியதிலிருந்து பிரபுக்களும் தனவந்தர்களும் கடற்காற்று வாங்கச் செல்லும் உல்லாசத் தலமாயிற்று. 1841-இல் லண்டனிலிருந்து ரயில் பாதையும் போடப்பட்டுவிட்டது. ஐந்து வாரமோ ஆறு வாரமோ தங்கப் போகிற குடும்பம் கட்டிலையும் மெத்தையையும் சுமந்துகொண்டு போக முடியாதாகையால், சகல சாமான்களோடும் தயாராயிருக்கும் வீடுகளுக்கு அங்கே கிராக்கி அதிகம். 1842-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சர் தாமஸ் மாரபிள் என்பவர், வாரத்துக்கு எட்டுக் கினி வாடகை பேசி, பிரன்ஸ்விக் பிளேஸ் என்ற தெருவில் அப்படி ஒரு வீட்டை ஸ்மித் என்பவரிடமிருந்து அமர்த்திக்கொண்டார். எட்டுக் கினி என்பது எட்டரைப் பவுனுக்கு இரண்டு ஷில்லிங்கே குறைவு. அக்காலத்தில் அது பெருந்தொகை. குடிபுகுந்த மறுநாளே படுக்கைகளில் மூட்டைப்பூச்சி மொய்ப்பது தெரிந்தது. வீட்டுக்காரர் தரப்புக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆள் வந்து மருந்திட்டும் பயனில்லை. படுக்கையறைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் இருக்கவே முடியவில்லை என்று லேடி மாரபிள் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு வார வாடகையைக் கொடுத்துச் சாவியையும் ஒப்படைத்துக் குடும்பத்தோடு வெளியேறினார். மீதி வாரங்களின் வாடகை வர வேண்டுமென்று ஸ்மித் வழக்குத் தொடுத்தார்.

அதுவரையில் ஆங்கில நாட்டுப் பொதுச் சட்டம் குடித்தனக்காரரிடம் கடுமையாகவே நடந்து வந்தது. நிலத்தையோ வீட்டையோ எடுப்பவர் நன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்தபின் அது பயன்பட்டாலும் படாவிட்டாலும் வாடகையைச் செலுத்தியே தீர வேண்டும் என்பதே அதன் சித்தாந்தம். ஆயினும் 1843-இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் மாரபிளின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதி பார்க் பழைய வழக்குகளை எடுத்துக்காட்டி, குடியிருப்பதற்கென்று விடப்படும் எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடிய விசாலமான நியாயத்தைச் சொன்னார். உடனிருந்த நீதிபதி அபிங்கர் பிரபுவோ, சாமான்களோடு விடப்படும் வீடு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, அத்தகைய வீட்டை விடுகிறவர் அது வாசத்துக்குத் தகுந்த நிலையில் இருக்கிறதென்று சொல்லாமலே உறுதி கூறியவராகிறார் என்றார். பிறிதொரு வழக்கில் அவர் எழுப்பிய கேள்வி மிகவும் நேரானது: சாமான்களோடு என்று பேசி எடுத்த வீட்டில் ஒரு படுக்கைகூட இல்லாவிட்டால், அங்கேயே இருந்து தீர வேண்டுமென்று எவரைக் கட்டாயப்படுத்த முடியும்?

பார்க் சொன்ன விசாலமான நியாயம் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே சுருங்கிவிட்டது. சாமான்களில்லாத ஒரு வீட்டிலும் இதே மூட்டைப்பூச்சித் தொல்லை வழக்காக வந்தபோது, குடித்தனக்காரர் வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதைச் சொன்னவரும் நீதிபதி பார்க்கே. மெத்தை வீட்டுக்காரருடையதானால் பூச்சிக்கு அவர் பொறுப்பு, மெத்தை இல்லாத வீட்டில் சுவர் முழுவதும் பூச்சி மொய்த்தாலும் அவர் பொறுப்பல்லர் என்ற இந்தப் பாகுபாட்டை நியாயமென்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. எளியவர்கள் குடியிருந்தது பெரும்பாலும் வெறும் வீடுகளில். சட்டத்தின் நிழல் விழுந்ததோ கடற்கரைக்குச் செல்ல வசதி படைத்தவர்கள் மீது.

சாமான்களோடு கூடிய வீட்டிலும் அந்த நிழல் நெடுநேரம் நிற்கவில்லை. வீடு தகுதியாயிருக்க வேண்டியது குடித்தனம் தொடங்கும் நாளில்தான், அதற்குப் பின்னர் நேரும் கேட்டுக்கு அந்த உறுதி நீளாது என்று 1895-இல் மேல் நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. குடியேறிய நாளில் நன்றாயிருந்த மெத்தை, மூன்றாண்டு கழித்துப் பஞ்சு பிதுங்கி நடுவில் குழிவிழுந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவரை வீட்டுக்காரருக்கு அதை மாற்றும் கடமை இல்லை. நியாயமான உபயோகத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடித்தனக்காரரும் பொறுப்பல்லர் என்பது ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதப்படும் வாசகம். ஆகவே தேய்ந்துபோன பொருளுக்கு இருவரில் எவரும் கடமைப்பட்டவரல்லர் என்ற விபரீதமான நிலை ஏற்பட்டது. அதன் பலனை இரவுதோறும் அனுபவித்தவர் அந்த மெத்தையில் படுத்தவரே.

தேய்மானத்தால் ஆகாத காரியத்தை அங்கே நெருப்புச் சாதித்தது. 1979-ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் நகரத்தில் உல்வொர்த் கடையில் பற்றிய தீ, அங்கே விற்பனைக்கு வைத்திருந்த, ரப்பர் நுரை போன்ற செயற்கைப் பஞ்சு அடைத்த சோபாக்களில் பிடித்து நச்சுப் புகையைக் கிளப்பவே, பத்துப் பேர் மாண்டனர். அத்தகைய தீ விபத்துகளின் விளைவாக 1988-இல் வீட்டுச் சாமான்களின் தீப் பாதுகாப்பு விதிகள் பிறந்தன. பின்னர் அவை வாடகை வீடுகளுக்கும் நீட்டப்பட்டு, 1997 முதல், விதிக்குட்படாத பழைய சோபாவையும் மெத்தையையும் குடித்தனக்காரருக்குக் கொடுப்பது குற்றமாயிற்று. கிழிந்த மெத்தைக்காக எத்தனை முறை கேட்டும் அசையாத வீட்டுக்காரர்கள் அப்போது அசைய வேண்டியதாயிற்று. வீடு வாசத்துக்குத் தகுதியாயிருக்கும் பொறுப்பு முதல் நாளோடு முடியாமல் குடித்தனம் நீடிக்கும் வரை தொடரும் என்று வாடகைத் தொகையைப் பாராமல் பார்லிமெண்டு சட்டம் செய்தது 2018-இல்தான்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் ஆங்கில சித்தாந்தங்களையே பெரிதும் தழுவியதெனினும், வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றது. இரண்டாம் உலகப் போரின்போது வாடகைக் கட்டுப்பாடு பிறந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்களாக உருவெடுத்தபோது, நம் சட்டசபையார் செய்த ஒரு காரியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். அதாவது, 1949-இன் சட்டத்திலும் 1960-இன் சட்டத்திலும் கட்டடம் என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது, தோட்டத்தையும் புறவீடுகளையும் சேர்த்ததோடு, உபயோகத்துக்காக வீட்டுக்காரர் கொடுத்திருக்கும் மேஜை நாற்காலி முதலிய சாமான்களையும் கட்டடத்தின் பகுதியாகவே சேர்த்துவிட்டார்கள். 1960-இன் சட்டப்படி, அவசியமான பழுதை வீட்டுக்காரர் பார்க்கத் தவறினால் குடித்தனக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்து, அவர் உத்தரவின்பேரில் தாமே செய்து வாடகையில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆகையால், பிரம்பு அறுந்து தொங்கும் நாற்காலியும் ஒழுகும் கூரையைப்போலவே அந்த விதிக்குள் வரும் என்று வாதிக்கத் தக்க இடமிருந்தது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டாக மெத்தை வேறு, வீடு வேறு என்று பிரித்துக்கொண்டிருக்க, நம்மவர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் இருக்கிறது. வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவற்றை வீட்டுக்காரர் பக்கமும், குழாயின் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றைக் குடியிருப்பவர் பக்கமும் அதன் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் கட்டாயமாகிவிட்டது. கட்டிலும் அலமாரியும் சோபாவும் போட்டு விடப்படும் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்ட இந்நாளில், அந்த ஒப்பந்தத்தோடு சாமான் ஜாபிதா ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்வது மிகவும் அவசியம். ஜாபிதா என்பது வீட்டுக்காரர் தம் பொருள் காணாமற் போகாதிருக்கத் தயாரித்த கருவியாகவே தொடங்கியதாயினும், குடியிருப்பவருக்கும் அதைவிட நல்ல சாட்சி இல்லை. மெத்தை எந்த ஆண்டு வாங்கியது, நாற்காலியின் எந்தக் கால் ஆடுகிறது, திரையில் எங்கே கிழிசல் என்பதையெல்லாம் குடிபோகும் நாளிலேயே அறை அறையாக நடந்து பார்த்து அதில் குறித்து, தேய்ந்தால் மாற்றித் தர வேண்டியவர் யார் என்பதையும் ஒரு வரி சேர்த்து, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் மாற்றித் தரும்படி கேட்க வேண்டிவந்தால், அதையும் வாய்மொழியாக விட்டுவிடாமல் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்.