சொந்த வீட்டில் குடக்கூலி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காணிப்பாக்கத்திலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணினார். வீட்டுக் கடன் தவணை நின்றுபோய்விட்டது. 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸும் முடிந்து, வங்கி ஏலத் தேதி போட்டுவிட்டது.

"தம்பி, வேற யாராவது எடுத்தா நாங்க தெருவுலதான். நீ எடுத்துக்கோ. மாசாமாசம் வாடகை குடுத்துட்டு இதே வீட்ல இருந்துக்கறோம். கையில காசு வந்ததும் உங்கிட்டயே திருப்பி வாங்கிக்கறேன்."

சித்தூரில் பி.காம். படித்துவிட்டு, இங்கே லீட்ஸில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் நான். இந்த மாதிரிக் கேள்விக்கு டக்கென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எங்க பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

1951-ல் அத்தை கல்யாணத்துக்காகத் தாத்தா 600 ரூபாய் கடன் வாங்கினார். கொடுத்தவர் அதை அடமானமாக எழுதிக்கொள்ளவில்லை. வீட்டைச் சுத்தக் கிரயமாகவே எழுதி வாங்கிக்கொண்டார். அன்றைக்கே இன்னொரு தாளில் வாடகைச் சீட்டு, மாசம் 5 ரூபாய். காலையில் வீட்டுக்காரராக எழுந்த தாத்தா, சாயங்காலம் அதே திண்ணையில் குடித்தனக்காரராக உட்கார்ந்தார். 600-ஐக் கொடுத்தால் வீட்டைத் திருப்பி எழுதித் தருவேன் என்பது மட்டும் வாய்வார்த்தை. அதற்குச் சாட்சி வரசித்தி விநாயகர்.

எங்க ஊர்ப் பிள்ளையாரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊமை, செவிடு, குருடு என்று மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டும்போது கிடைத்தவர் என்பது தலபுராணம். சத்தியத்துக்குப் பேர்போனவர். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் குளத்தில் முழுகி ஈரத் துணியோடு வந்து அவர் முன்னால் பிரமாணம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. கடன் கொடுத்தவரும் அப்படித்தான் முழுகிச் சத்தியம் செய்தார். நேர்மையான மனுஷர்தான் என்று பாட்டியே சொல்லும்.

ஆனால் 1958-ல் அவர் இறந்துபோனார். பிள்ளைகள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். "இதுல அப்படி ஒண்ணும் எழுதலையே" என்றார்கள். வீடு போனது. "சத்தியம் பண்ணவர் போயிட்டாரு, பத்திரம் இருந்துச்சு" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது.

வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 60 ரூபாய் வாடகை. 600 ரூபாய்க்கு அது நூற்றுக்குப் பத்து. வாடகை என்ற பெயரில் தாத்தா கட்டியது வட்டி.

அப்புறம் ஏன் கடன் என்றே எழுதவில்லை? சித்தூர் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது (ஆந்திர ராஜ்யம் பிரிந்தது 1953 அக்டோபர் 1-ல்). ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பிறகு விவசாயி வாங்கும் கடனுக்கு, மாசம் ரூபாய்க்கு ஒரு தம்படிக்கு மேல் வட்டி கிடையாது என்று அது சொன்னது. ரூபாய்க்கு 192 தம்படி. ஆக வருஷத்துக்கு 6.25 சதவீதம், தனிவட்டி. 600 ரூபாய்க்கு 37 ரூபாய் 50 காசுதான் வரும். கடன் என்று எழுதினால் கோர்ட் வட்டியைக் குறைத்துவிடும். கிரயம், வாடகை என்று எழுதினால் பார்வைக்கு அங்கே கடனே இல்லை! தாத்தாவிடம் கடன் கொடுத்தவர் இதை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் அப்படி நிற்கிறது.

இது எங்க ஊரில் கண்டுபிடித்த வித்தை இல்லை. தக்காணத்தில் கடனுக்கு நிலத்தை இழந்து, அதே நிலத்தில் குத்தகைக்காரனாக உழுதவர்கள் ஏராளம். 1875 மே மாசம் புனே பக்கத்துச் சூபா கிராமத்தில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் கடைகளில் புகுந்து கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் கொளுத்தினார்கள். கலவரம் புனே, அகமதுநகர் மாவட்டங்களுக்குப் பரவியது. 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. கிரயம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அடமானமா என்று கோர்ட் தோண்டிப் பார்க்கலாம் என்று பிற்பாடு அதில் ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்.

ஆனால் நாடு முழுவதற்குமான சட்டம் வேறு திசையில் போனது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தை 1929-ல் திருத்தினார்கள். திருப்பித் தரும் நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது அடமானம். வேறு தாளில் இருந்தால்கூட அடமானம் ஆகாது. அப்புறம் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்பு?

கொஞ்சம் உண்டு, ஆனால் லேசில் கிடைக்காது. 1953 ஜனவரியில் ஒரு பெண்மணி 2,000 ரூபாய் கடனுக்காக வீட்டைக் கிரயம் எழுதி, கூடவே வாடகைச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அச்சு அசல் எங்க தாத்தா கதை. பத்திரம் வெறும் பேருக்குத்தான், உண்மையில் விற்கவில்லை என்று வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1981 நவம்பரில்! 28 வருஷம். தாத்தாவுக்கு அந்தத் தெம்பும் இல்லை, வக்கீலுக்குப் பணமும் இல்லை.

படித்த நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். நான் இருக்கும் லீட்ஸுக்கு வடக்கே, வடகிழக்கு இங்கிலாந்தில் பலர் கஷ்டத்துக்கு வீட்டை விற்றார்கள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாடகைக்கு இருக்கலாம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அதே வீட்டை வைத்துக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் வீட்டைக் கேட்டு வந்தார்கள். 2014 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் குடியிருந்தவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் இந்த விற்று-வாடகைக்கு-இருக்கும் வியாபாரத்தை 2009-லேயே கண்காணிப்புக்குள் கொண்டுவந்திருந்தார்கள். 2012-ல் ஆய்வு செய்தபோது பெரும்பாலும் தேறவில்லை, வியாபாரமே கிட்டத்தட்ட நின்றுபோனது.

நல்லவிதமாகவும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கடன்கள் சரிந்தபோது, ஃபேனி மே 2009 நவம்பரில் ஒரு திட்டம் அறிவித்தது. வீட்டை ஒப்படைத்துவிட்டு, சந்தை வாடகைக்கு 12 மாசம் வரை அங்கேயே இருக்கலாம். வீடு திரும்பி வரும் என்று ஆசை காட்டவில்லை. பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம் போகலாம், அவ்வளவுதான். சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருந்தது.

அண்ணன் கேட்டதில் தப்பே இல்லை. கடனில் மூழ்கினவன் அதே கூரையின் கீழே மூச்சு வாங்குவது நல்ல காரியம்தான். பயம் என்னவென்றால், 1951-ல் கடன் கொடுத்தவர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காரப் போவது நான். நானும் நேர்மையானவன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அதனால் திரும்பக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னேன். ஏலத்தில் எனக்குக் கிடைத்தால், எவ்வளவுக்கு எடுத்தேனோ அந்தத் தொகையும் செலவும் கொடுத்துப் பத்து வருஷத்துக்குள் நீங்க திருப்பி வாங்கிக்கலாம் என்று மறுகிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யணும். வில்லங்கம் போட்டால் தெரியணும், என் பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தணும். அதுவரை நான் வீட்டை எங்கேயும் அடகு வைக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கணும். வாடகை நம்ம தெருவில் என்ன நடப்போ அது, என் வட்டிக் கணக்குப்படி இல்லை.

அண்ணனுக்கு வருத்தம். "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்? கோயில்ல ஒரு வார்த்தை சொன்னா போதாதா தம்பி?"

"கோயிலுக்கும் போவோம்ணா. ரிஜிஸ்தர் ஆபீஸ் போயிட்டுப் போவோம்" என்றேன்.

ஏலம் அடுத்த மாசம். வேறு யாராவது கூடுதலாகக் கேட்டால் இந்தப் பேச்செல்லாம் வீண்தான். ஊரில் தம்பிக்கோ மச்சானுக்கோ கைகொடுக்கப் போய், இப்படி ஒரு வீடு உங்கள் பெயரிலும் இருக்கலாம். இருந்தால் அந்தப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன வார்த்தை அதில் இருக்கிறதா?