ஆளில்லாத கரை

கனடாவின் மேற்கில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே டெஸொலேஷன் சவுண்ட் என்று ஓர் இடம். பாழ்நீர் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பெயர் வைத்தவர் ஜார்ஜ் வான்கூவர், ஆண்டு 1792. இன்று கோடையில் அங்கே நங்கூரம் போட இடம் கிடைப்பது கஷ்டம். ப்ரிடோ ஹேவன் என்ற சிறு குடாவில் உல்லாசப் படகுகள் உரசாத குறையாக நெருங்கி நிற்கின்றன. தீவைச் சுற்றிக்கொண்டு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் ஓதங்கள் அங்கே சந்திப்பதால் நீரோட்டம் குறைவு. தண்ணீர் இருபது டிகிரிக்கு மேல் சூடேறும், அவ்வளவு வடக்கில். 1973ல் அதைக் கடற்பூங்கா ஆக்கினார்கள். பாழ் என்று பெயர் வாங்கிய இடத்துக்கு அழகைத் தேடி ஜனங்கள் போகிறார்கள்.

இதற்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு மாலுமி நிலத்தைப் பயனால் அளந்தான். பிறகு ரொமாண்டிக் கவிகள் வந்து மலையையும் இருட்டையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதே மலை அழகாயிற்று. ஆங்கில இலக்கிய வகுப்புகளில் சொல்லித் தருவது இதுதான். பொய்யில்லை. வான்கூவருக்கு அங்கே கிடைத்தவை நங்கூரத்துக்கு எட்டாத ஆழம், வலையில் விழாத மீன், மழை, ஒவ்வொன்றாக முட்டுச்சந்தாகிப்போன கடற்கால்கள். மனிதர் சலித்துப்போயிருந்தார். ஆனால் இந்த விளக்கத்தில் ஒன்று விட்டுப்போகிறது. பாழ் என்றவரும் அழகு என்பவர்களும் பார்த்தது ஒரே மாதிரியான கரையை: ஆளில்லாத கரையை. ஆள் ஏன் இல்லை என்ற கேள்வி ரசனையின் வரலாற்றுக்குள் வருவதே இல்லை.

வான்கூவரின் ஆட்கள் அந்தக் கோடையில் பாறை மேலிருந்த ஒரு கிராமத்தில் ஏறிப் பார்த்தார்கள். தாவர ஆராய்ச்சிக்காக உடன் போன ஆர்ச்சிபால்ட் மென்ஸீஸ் எழுதிவைத்திருக்கிறார். கிராமத்தில் ஆட்கள் இல்லை, தெள்ளுப்பூச்சி இருந்தது. ஏறினவர்கள் கடலில் குதித்துத் தப்பினார்கள். வேடிக்கையான இடம்தான். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்னால், தெற்கே இன்றைய வாஷிங்டன் மாநிலக் கரையில், இதே கப்பல்காரர்கள் சிதறிக்கிடந்த மண்டையோடுகளைப் பார்த்திருக்கிறார்கள். வைசூரித் தழும்பு முகங்களையும் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். 1780களின் தொடக்கத்திலேயே நோய் அந்தப் பக்கம் வந்துபோயிருந்தது. வான்கூவரின் கப்பலுக்கு முந்திக்கொண்டு அது வந்துவிட்டது. மறுபடியும் 1862ல், ஸான்ஃப்ரான்ஸிஸ்கோவிலிருந்து வந்த கப்பலோடு விக்டோரியாவில் இறங்கிற்று. ஊரோரம் முகாமிட்டிருந்த வடகரை மக்களை அதிகாரிகள் விரட்டினார்கள். அவர்கள் நோயையும் படகிலேற்றிக்கொண்டு, வழியெல்லாம் செத்துக்கொண்டு, வீடு திரும்பினார்கள். அந்த ஓராண்டில் போன உயிர்கள் பல ஆயிரம்.

இந்தக் கரையில் குடாவுக்குக் குடா படகில் அலைவதைப் பற்றிய எழுத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது எம். வைலி ப்ளாஞ்செட்டின் 'காலத்தின் வளைவு' (1961). வங்கி வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வுபெற்றிருந்த கணவர் 1926ல் இறந்துபோனார். (வங்கிக்காரர்களிலும் படகு வைத்திருந்தவர்கள் உண்டு என்பதை என் சகாக்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.) அந்த அம்மாள் கோடையில் வீட்டை வாடகைக்கு விட்டார், ஐந்து குழந்தைகளை 'கப்ரீஸ்' என்ற 25 அடிப் படகில் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வடக்கே திரிந்தார். பல கோடைகளை ஒரே கோடைபோலக் கலந்து எழுதியிருக்கிறார். தேதி கிடையாது. மக்கர் செய்கிற எஞ்சின், கரடி, மூடுபனி, ஓதக் கணக்கு இவைதாம் விஷயம். குரலை உயர்த்தாத உரைநடை. துணிச்சலைத் துணிச்சல் என்று ஓரிடத்திலும் சொல்லிக்கொள்வதில்லை. நம்முடைய பயணக் கட்டுரைக்காரர்கள் இதை மட்டுமாவது கற்கலாம்.

தலைப்புக்கு மேட்டர்லிங்க் காலத்தைப் பற்றிச் சொன்னது ஆதாரம். காலம் ஒரு வளைவு. உச்சியில் நிற்பவனுக்கு முன்னும் பின்னும் ஒருசேரத் தெரியும். படகில் அவரோடு வான்கூவரின் பயண நூலும் போகிறது. பிரின்ஸெஸ் லூயிஸா என்ற கடற்கால், மலபூ நீர்ச்சுழிப்புக்குப் பின்னால் ஒளிந்து, உள்ளே பெரிய அருவியோடு கிடப்பது. வான்கூவர் அதன் வாயைப் பார்த்துவிட்டுச் சிற்றோடை என்று எண்ணித் திரும்பிவிட்டார். ப்ளாஞ்செட் உள்ளே போகிறார். இந்த இடங்களில் நூற்று முப்பது ஆண்டு தூரம் மெய்யாகவே இல்லாமல்போகிறது. வான்கூவர் பக்கத்துப் படகில் வருவதுபோல் இருக்கிறது.

நைட் இன்லெட்டுக்கு அருகில் உள்ள தீவுகளுக்குப் போகும்போதுதான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. க்வாக்வகாவக்வ் மக்களின் குளிர்கால ஊர்கள் அவை. சாயும் குலச்சின்னத் தூண்கள், பெரும் உத்தரங்கள், காலி வீடுகள். தாயும் குழந்தைகளும் உள்ளே நுழைந்து பார்க்கிறார்கள். ஊரார் கோடையில் மீனுக்குப் போயிருப்பார்கள் என்பது ப்ளாஞ்செட்டுக்குத் தெரியும். சால்மனை டின்னில் அடைக்கும் ஆலைகளில் அப்போதுதான் வேலை. அதாவது உல்லாசப் படகின் பருவமும் ஊர் காலியாகும் பருவமும் ஒன்றே. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வம்சம் அற்றுப்போயிற்று என்று பெருமூச்சு விடுகிற மாதிரிதான் இது. தெரிந்திருந்தும் அந்தப் பக்கங்களில் இறந்தகாலத்தின் வாசனையே அதிகம்.

அந்த ஊர்களில் ஒன்று மாமலிலிகுலா. வில்லேஜ் ஐலண்டில் இருப்பது. 1921 கிறிஸ்துமஸ் சமயம் டான் க்ரான்மர் அங்கே பெரிய பாட்லாட்ச் நடத்தினார். பெயர், உரிமை, உறவு எல்லாவற்றையும் ஊரறிய நிலைநாட்டிக் கொடைகொடுத்துத் தீர்க்கும் சடங்கு அது. 1885லிருந்து சட்டப்படி குற்றம். 45 பேர்மேல் வழக்கு வந்தது. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்துவிட்டால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசப்பட்டது. 1922ல் இருபது பேர், ஆணும் பெண்ணுமாக, ஒக்கல்லா சிறைக்குப் போனார்கள். பிடுங்கிய பொருள்களை அரசின் ஏஜெண்டு அலர்ட் பேயில் கட்டணம் வைத்துக் காட்டினார். பிறகு அவை ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் போயின. ஒரு பகுதியை நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கினார். சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடாக வந்தது மொத்தம் 1,495 டாலர். பேரேட்டில் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

'கப்ரீஸ்' அந்தப் பக்கம் வந்தது இதற்குச் சில ஆண்டுகளுக்குள். 1792 நெருங்கி வருமளவு 1922 நெருங்கி வருவதில்லை. வளைவின் உச்சியில் நின்றவருக்கு அடிவாரம்தான் மறைந்துபோயிற்று. அவரைக் குறை சொல்லிப் புத்தகத்தைத் தள்ளிவிடுவது சுலபம். அதைச் செய்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முடியவில்லை, உரைநடை அப்படி. காலியான வீட்டின் இருட்டை அவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் கண்தான் வீடு காலியானதன் காரணத்தைத் தாண்டிப்போகிறது. ஒருவேளை அந்த நுட்பத்துக்கே வெறுமை தேவைப்படுகிறதோ என்னவோ. நம் திணை மரபில் நிலம் தனியாக நிற்பதில்லை. கருப்பொருளில் தெய்வமும் தொழிலும் பறையும் உண்டு. உரிப்பொருளுக்கு ஆள் வேண்டும். ஆளைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் ரசிப்பது நமக்கும் ஆங்கிலப் படிப்போடு வந்து சேர்ந்த பழக்கம்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

சிறு துறைமுக ஊர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லண்ட், 1889ல் ஸ்வீடிஷ் சகோதரர்கள் தொடங்கியது. ஸோயிண்டுலா, ஃபின்லாந்துக்காரர்கள் 1901ல் கண்ட பொதுவுடைமைக் கனவு; 1905ல் கடனில் முடிந்தது, ஊர் மட்டும் நின்றது. இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டிருந்தது யூனியன் ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல்கள். 1959ல் அந்தக் கம்பெனி முடிந்தது. ஆலைகளும் மரவெட்டு முகாம்களும் ஒவ்வொன்றாக அடங்கின. உல்லாசப் படகுக்குக் காணக் கிடைத்தது இன்னொரு அடுக்கு வெறுமை. இம்முறை வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது.

தடை 1951ல் சட்டத்திலிருந்து விழுந்தது. முகமூடிகளில் ஒரு பகுதி திரும்பி வந்து, 1980ல் அலர்ட் பேயில் உமிஸ்டா மையம் திறந்தது. இப்போது படகுக்காரர்கள் அங்கே இறங்கி அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்த குடாவுக்குப் போகிறார்கள்.

அந்தக் குடாக்களின் கரையும்கூட நினைத்த மாதிரி இல்லை. 1995ல் ஜான் ஹார்ப்பர் என்ற கரையியல் ஆராய்ச்சியாளர் ப்ரோட்டன் தீவுக்கூட்டத்தை ஆகாயத்திலிருந்து பார்த்தபோது, ஓதத்தின் தாழ்ந்த எல்லையில் நீண்ட கல்வரிசைகள் தெரிந்தன. இயற்கை செய்ததாக விளக்க அவரால் முடியவில்லை. க்வாக்வகாவக்வ் குலத்தலைவர் ஆடம் டிக்கிடம் அதற்கு ஒரு சொல் இருந்தது: லொகிவே. கல்லை உருட்டிச் சேர்ப்பது என்று பொருள். சுவருக்குப் பின்னால் மணல் தங்கிச் சமதளமாகும், மட்டி செழிக்கும். க்வாட்ரா தீவில் இப்படிப்பட்ட சுவர்களுக்கு 3,500 ஆண்டு வயது என்று 2019ல் கணித்தார்கள். படகிலிருந்து இறங்க வாகாயிருக்கிறது என்று ஏறுகிற சமதளங்களில் சில, கையால் கட்டியவை. மிகத் தாழ்ந்த ஓதத்தில் கொஞ்ச நேரம் சுவர் முழுதும் வெளியே தெரியும். பிறகு தண்ணீர் ஏறிவிடும்.