ஆங்கிலோ-சாக்சன் மகளிர் உடை: கல்லறைப் பொருள்கள் தரும் சான்றும் அதன் எல்லையும்

கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் மகளிரின் துணிகள் பெரும்பாலும் மண்ணில் மக்கிவிட்டன; அவற்றைப் பிணைத்திருந்த, புரோச் எனப்படும் உலோக அணியூசிகள் எஞ்சியுள்ளன. தோள்களருகே இணையாகக் கிடைக்கும் இவ்வூசிகள், முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் தோளில் இணைத்து அணிந்த குழாய் வடிவ ஆடையைக் காட்டுகின்றன. ஆங்கிலியப் பகுதிகளில் மணிக்கட்டருகே காணப்படும் கொக்கிகள், அதனுள் நீண்ட கையுடைய உள்ளாடை இருந்ததை உணர்த்துகின்றன. உலோகத் துருவில் படிந்த இழைகளோ நெசவு முறையையே அறியத் தருகின்றன.

7ஆம் நூற்றாண்டில் இணையூசிகள் மறைவது உடைமாற்றத்தைச் சுட்டுகிறது. ஆயினும், கல்லறையில் காணப்படுவது இறந்தவருக்குப் பிறர் அணிவித்த கோலம். அதனை அன்றாட உடையாக அப்படியே கொள்ள இயலாது. உலோக அணிகளின்றிப் புதைக்கப்பட்ட பெண்களின் உடை இச்சான்றுக்குள் அகப்படுவதுமில்லை. எனவே, இப்பொருள்களைக் கொண்டு எழுதப்படும் உடை வரலாறு, அணிகளுடன் புதைக்கப்பட்டோரின் வரலாறே; அதனை எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக்குதல் பொருந்தாது.